உரலும் கிட்டாரும்: சகாரா ஓரத்திலிருந்து ஃபாத்து ஸெய்தி கலி

(பாடலின் சிறு பகுதி ஒலிக்கிறது)

இப்ப நீங்க கேட்ட பாட்டுல மூணு சத்தம் இருக்கு. ஒண்ணு எலெக்ட்ரிக் கிட்டார். அது எல்லாருக்கும் பிடிபட்டிருக்கும். ரெண்டாவது, அடியில் ‘தும்... தும்...’ என்று வயிற்றுக்குள் விழுகிற மாதிரி ஒரு பேஸ். அது ட்ரம் கிட்டில் காலால் மிதித்து அடிக்கிற கிக் ட்ரம் இல்லை. ஒரு பாத்திரத் தண்ணீரில் கவிழ்த்துப் போட்ட பாதிச் சுரைக்குடுக்கை. மூணாவது, நடுவில் விடாமல் ஓடிக்கிட்டே இருக்கிற தோல் சத்தம். அது ஒரு உரல். ஆமா, தானியம் குத்துற உரலேதான்.

இந்த எபிசோடில் நான் பேசப்போவது ஃபாத்து ஸெய்தி கலி என்ற பாடகியைப் பற்றி. நைஜர் நாட்டுக்காரர். அவருடைய குழுவின் பெயர் ‘லே ஃபீய் த இல்லிகதாத்’. பிரெஞ்சுப் பெயர், ‘இல்லிகதாத் ஊர்ப் பொண்ணுங்க’ என்று அர்த்தம். பெயரிலேயே ஊர் இருக்கிறதால முதலில் அந்த ஊருக்குப் போயிடலாம்.

நைஜர் வேற, நைஜீரியா வேற. இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கு. நைஜீரியாவுக்கு நேர் வடக்கே, அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் கீழே, நாலு பக்கமும் நிலத்தால் அடைபட்ட பெரிய நாடு நைஜர். பிரான்ஸிடமிருந்து 1960-இல் சுதந்திரம் பெற்றது. அதன் நடுப்பகுதியில், அபலாக் என்ற சிறு நகரத்தின் சுற்றுவட்டாரத்தில், முள்புதர் நிலமும் மணலும் கலந்த இடத்தில் இருக்கிறது இல்லிகதாத். மண் வீடுகள், ஆடுமாடு, ஒட்டகம். ஃபாத்துவின் முதல் பதிவுகள் வெளிவந்த காலத்தில் அங்கே மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. ஊருக்குப் போகத் தார்ச்சாலையும் இல்லை. வண்டித்தடத்தைப் பிடித்துக்கொண்டே போகணும்.

அங்கே வாழ்கிறவர்கள் துவாரெக் மக்கள். நைஜர், மாலி, அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாஸோ என்று பல நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். ‘துவாரெக்’ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை ‘கெல் தமாஷெக்’ என்பார்கள், தமாஷெக் மொழி பேசுபவர்கள் என்று. மொழியைக் கொண்டே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஜனம்.

இவர்களைப் பற்றி ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும். துவாரெக் சமூகத்தில் முகத்தை மூடுவது ஆண்கள். நீலத் துணியை மீட்டர் கணக்கில் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் முகத்தை மூடுவதில்லை. கூடாரம் பெண்ணின் சொத்து. கூடாரத்தைக் குறிக்கும் ‘எஹென்’ என்ற சொல்தான் திருமணத்துக்கும். விவாகரத்தானால் கூடாரத்தோடு அவள் இருப்பாள், இவர் வெளியே போகணும். இசையிலும் பெண்களுக்கு என்றே தனி இடம் உண்டு. ‘இம்ஸாத்’ என்று ஒற்றைத் தந்தி வாத்தியம். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, குதிரைமுடித் தந்தி கட்டி, வில்லால் இழுத்து வாசிப்பது. அதைப் பெண்கள் மட்டும்தான் வாசிப்பார்கள். யுனெஸ்கோ 2013-இல் தன் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இன்னொன்று டெண்டே. நம்ம கதையின் நாயகன் இந்த வாத்தியம்தான்.

டெண்டே என்பது மர உரல். கம்பு குத்துவதற்கு வீட்டில் வைத்திருப்பது. கல்யாணம், பெயர் சூட்டல், திருவிழா என்று எதாவது வந்தால் அதன் வாயில் ஈரமான ஆட்டுத் தோலைப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு நீண்ட உலக்கைகளை உரலின் இரு பக்கமும் இணையாக வைத்து, தோலை அவற்றோடு சேர்த்துப் பிணைப்பார்கள். பிறகு அந்த உலக்கைகளின் முனைகளில் பெண்கள் உட்கார்ந்துகொள்வார்கள், இல்லையென்றால் கல்லை ஏற்றுவார்கள். பாரம் கூடினால் தோல் இறுகும், சத்தம் மேலே போகும். தோல் காய்ந்துபோனால் தண்ணீர் தெளிப்பார்கள். கொண்டாட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அது மறுபடியும் உரல்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அந்தத் தோல் இறுகி நிற்பதற்கே ஆட்கள் வேண்டும் என்பது. ஒருத்தி அடிக்கணும், ரெண்டு பேர் உட்காரணும், ஒருத்தி முன்னே பாடணும், மத்தவங்க வாங்கிப் பாடிக் கை தட்டணும், நடுநடுவே குலவை போடணும். சுற்றி ஆண்கள் அலங்கரித்த ஒட்டகங்களில் வட்டமிட்டு வருவார்கள். நோய் தீர்க்கும் சடங்கிலும் டெண்டே உண்டு. இம்ஸாத் மேல்தட்டுப் பெண்களின் வாத்தியமாக இருந்தபோது, பல பகுதிகளில் டெண்டே கைவினைஞர் குடும்பங்களுக்கும், ஒரு காலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. அதனால் அதற்குக் கொஞ்சம் மட்டமான மதிப்பும் இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகணும். பாலைவனம் என்றாலே எல்லாரும் சமம் என்று ஒரு கற்பனை நமக்கு உண்டு.

சரி, கிட்டார் எப்படி வந்தது?

இது பஞ்சத்தில் தொடங்குகிற கதை. 1970-களின் தொடக்கத்திலும் 1980-களின் நடுவிலும் சாஹேல் பகுதியில் கடும் வறட்சி. மந்தைகள் செத்துப்போயின. மேய்ச்சல் சமூகத்துக்கு மந்தை போனால் வங்கிக் கணக்கு, வேலை, கௌரவம் எல்லாமே ஒரே நாளில் போன மாதிரி. இளைஞர்கள் வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போனார்கள். வேலையில்லாதவனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘ஷோமர்’. அதிலிருந்து இவர்களுக்கு ‘இஷுமார்’ என்று பெயர் வந்தது. பலர் லிபியாவின் இராணுவ முகாம்களில் பயிற்சி எடுத்தார்கள். அந்த முகாம்களில் துப்பாக்கியோடு கிட்டாரும் இருந்தது.

தினாரிவென் குழுவை உங்களில் சிலர் கேட்டிருப்பீங்க. 2012-இல் கிராமி வாங்கியவர்கள். அதன் தலைவர் இப்ராஹிம் அக் அல்ஹபிப் சின்ன வயதில் எண்ணெய் டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் வயர் வைத்துத் தன் முதல் கிட்டாரைச் செய்தவர். இந்தத் தலைமுறையின் பாட்டெல்லாம் நாடு இழந்த ஏக்கம், கிளர்ச்சிக்கான அழைப்பு. கேசட்டில் பதிந்து, அந்தக் கேசட்டை இன்னொரு கேசட்டில் காப்பி எடுத்து, லாரிகளில் பாலைவனம் முழுக்கப் பரவியது. 1990-களில் மாலியிலும் நைஜரிலும் துவாரெக் கிளர்ச்சி நடந்தபோது அந்தக் கேசட்டைக் கையில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. முகாமில் இருந்தது ஆண்கள். அதனால் கிட்டார் ஆண்களின் வாத்தியமானது. மதமோ பழைய வழக்கமோ பெண்கள் கிட்டாரைத் தொடக்கூடாது என்று எழுதி வைக்கவில்லை. வாத்தியம் எந்த வழியாக ஊருக்குள் வந்ததோ, அந்த வழியில் பெண்கள் இல்லை. அவ்வளவுதான். ஆனால் ஒரு தலைமுறை கடந்ததும் இப்படித்தான் ஆதியிலிருந்தே இருந்தது போல ஆகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆண்கள் கிட்டாரில் எதை வாசித்தார்கள்? சின்ன வயதில் காதில் விழுந்ததைத்தானே வாசிக்க முடியும். அம்மாவும் அத்தையும் அடித்த டெண்டேயின் தாளம், இம்ஸாத்தின் ஒரே சுருதியில் நிற்கும் இழுவை. துவாரெக் கிட்டார் இசையில் கட்டைவிரல் கீழ்த் தந்தியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டு போடும். தாளம் மூன்று மூன்றாக உருண்டு வரும். ‘இது ஒட்டகத்தின் நடை’ என்று மேலை நாட்டு விமர்சகர்கள் எழுதுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கு. எனக்கு அந்த விளக்கம் அவ்வளவாக ஒட்டவில்லை. பக்கத்திலேயே உரல் அடிக்கிற பொம்பளைங்க இருக்கும்போது தாளத்துக்கு எதுக்கு ஒட்டகத்துகிட்ட போகணும்?

ஆக, பெண்களின் தாளம் ஆண்களின் கிட்டாருக்குள் போய்விட்டது. கிட்டார் உலகம் சுற்றியது. உரல் ஊரிலேயே இருந்தது.

பாடகிகள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தினாரிவெனிலேயே பெண்குரல்கள் உண்டு. மாலியிலிருந்து ‘தார்தித்’ என்று ஒரு குழு, அகதி முகாம் அனுபவத்திலிருந்து வந்த பெண்கள். அவர்கள் டெண்டேயை மேடைக்குக் கொண்டுபோனவர்கள். ஆனால் கிட்டாரைத் தோளில் மாட்டி, நடுவில் நின்று, பாட்டை நடத்துவது ஒரு பெண் என்பது நைஜர் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம்.

ஃபாத்துவின் அண்ணனிடம் ஒரு கிட்டார் இருந்தது. அவர் இல்லாத நேரத்தில் அதை எடுத்து வாசித்துப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கற்றுக்கொண்டார். இதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிற கதை. நைஜரில் கிட்டார் வாசிக்கும் துவாரெக் பெண்களில் முதலாமவர் என்றும் அவரைச் சொல்வார்கள். இது பெரிய விஷயம்தான். ஆனால் இந்த ‘முதல் பெண்’ என்ற பட்டத்தோடு நின்றுவிட்டால் அவர் இசையில் செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடும். அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், அவர் பாட்டு நம் காதுவரை வந்த வழியைச் சொல்லிடறேன். அதுவும் நல்ல கதை.

அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிர்க்லி என்பவர் 2000-களின் கடைசியில் மாலிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே இணையம் அரிது. ஆனால் எல்லார் கையிலும் மெமரி கார்டு போடுகிற மலிவு விலை சீன போன். பாட்டு எல்லாம் ப்ளூடூத் வழியாகக் கைமாறும். செல்போன் கடையில் காசு கொடுத்தால் கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். (2ஜிபி கார்டை எடுத்துக்கிட்டு மொபைல் கடைக்குப் போன தலைமுறை யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்களுக்கு இது புதுசு இல்ல.) கிர்க்லி அந்தக் கார்டுகளில் இருந்த பாட்டுகளைச் சேகரித்தார். பலவற்றுக்குப் பாடியவர் பெயரே இல்லை. தேடிக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கி, ‘சஹாரா செல்போன்களிலிருந்து இசை’ என்ற பொருள்படும் பெயரில் 2011-இல் வினைல் தட்டாக வெளியிட்டார். இன்று ராக் உலகில் பெரிய பெயரான எம்டூ மொக்தார் அந்தத் தொகுப்பு வழியாகத்தான் வெளியே தெரிந்தார். ஆட்டோட்யூன் குரலும் ட்ரம் மெஷினுமாக அவர் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது 2008-இல், பக்கத்து நாடான நைஜீரியாவின் சொகோட்டோ நகரத்தில். அந்தப் பகுதியின் ஹவுஸா மொழி சினிமாப் பாட்டில் ஆட்டோட்யூன் சர்வசாதாரணம். அந்த ஹவுஸா சினிமா இந்திப் படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது என்பது தனி எபிசோடுக்கான கதை.

கிர்க்லியின் நிறுவனமான ‘சாஹேல் சவுண்ட்ஸ்’தான் ஃபாத்துவின் முதல் ஆல்பத்தையும் 2016-இல் வெளியிட்டது. ஸ்டுடியோ எல்லாம் இல்லை. இல்லிகதாத்திலேயே, வெட்டவெளியில் உட்கார்ந்து பதிவு செய்தது. தட்டின் ஒரு பக்கம் அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஃபாத்துவும் அலம்னு அக்ரூனியும் பாடுகிறார்கள். தணிந்த குரல். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காதபடி பாடுகிற மாதிரி. மறுபக்கம் நீளமான டெண்டே. அதில் ஊரே பாடுகிறது.

அந்தத் தட்டில் இரண்டும் இரண்டு பக்கமாக இருந்தன: கிட்டார் ஒரு பக்கம், உரல் மறுபக்கம். அடுத்து வந்த ‘எகஸ் மலன்’ (2017) ஆல்பத்தில் இரண்டும் ஒரே பாட்டுக்குள் வந்துவிட்டன. ஃபாத்து இசையில் செய்த வேலை என்று சொன்னேன் இல்லையா, இதுதான்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். இன்றைய துவாரெக் ராக் குழுக்களை எடுத்துக்கோங்க. தாளத்துக்கு மேற்கத்திய ட்ரம் கிட் இருக்கும், இல்லை என்றால் மேற்கு ஆப்பிரிக்காவின் வேறு பகுதியிலிருந்து வந்த ஜெம்பே இருக்கும். உலக மேடையில் சத்தம் எடுபடணும், அதனால். ஃபாத்து ட்ரம் கிட்டைக் கொண்டுவரவில்லை. அந்த இடத்தில் டெண்டேயையும், நான் ஆரம்பத்தில் சொன்ன தண்ணீர்ச் சுரைக்குடுக்கையையும் உட்கார வைத்தார். தாளம் எங்கிருந்து போனதோ அந்தக் கைகளுக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது கிட்டார்தான் உரலைக் கேட்டு வாசிக்க வேண்டியிருக்கு.

கேட்கும்போது ஒரு வித்தியாசம் தெரியும். எம்டூ மொக்தாரின் பாட்டு வேகமெடுத்து, தீப்பிடித்து, உச்சிக்குப் போய் வெடிக்கும். ஃபாத்துவின் பாட்டில் அந்த உச்சி இல்லை. ஒரே வட்டத்தில் சுற்றும். ஒரு வரியை அவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, கிட்டார் அந்த மெட்டையே சின்னச் சின்ன மாற்றத்தோடு திருப்பிச் சொல்லும். நாலு நிமிஷம் கழித்து வேகம் கொஞ்சம் கூடியிருப்பது அப்புறம்தான் உறைக்கும். முதல் தடவை கேட்டப்போ ‘எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்ம காது ட்ராப்புக்குப் பழகிப்போச்சு. டெண்டே ஒரு இரவு முழுக்க நடக்கும் சங்கதி. அதற்கு அவசரம் கிடையாது.

பாடுகிற விஷயங்களும் பெரும்பாலும் டெண்டே மரபின் விஷயங்கள்தான். காதல், பிரிவு, ஊர்க்காரர்களின் பெருமை. புரட்சி கீதம் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். பத்திரிகைகள் ‘பாலைவன ப்ளூஸ்’ என்று ஒரு பெட்டியில் போட்டு மூடுகின்றன. ப்ளூஸின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று மாலியின் அலி ஃபர்கா தூரே ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவைப் பார்த்து ‘பேரன் சாயல்ல இருக்கீங்களே’ என்று சொல்கிற கதைதான் இந்த லேபிள்.

2019 இலையுதிர் காலத்தில் குழு அமெரிக்கா போனது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ‘பயனியர் வொர்க்ஸ்’ என்ற கலைக்கூடத்தில் நடத்திய நிகழ்ச்சிகளின் நேரடிப் பதிவு 2021-இல் ஆல்பமாக வந்தது. அப்போது குழுவில் அமாரியா ஹமதல்ஹெர் இரண்டாவது கிட்டாரோடு இருக்கிறார். இரண்டு பெண்கள், இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள். ஊர்ப் பையன் ஒருவர் ரிதம் கிட்டாரில். துவாரெக் குழுக்களில் ஆண்கள் நடுவில் நின்று வாசிக்க, பெண்கள் ஓரத்தில் கை தட்டுவதுதான் வழக்கமான காட்சி. இங்கே அது அப்படியே தலைகீழ்.

ஆனால் மேடை சும்மா வருவதில்லை. ஊரில் டெண்டே என்றால் ஐம்பது பேர் சுற்றி நின்று கை தட்டுவார்கள். பார்ப்பவர் யார், பாடுபவர் யார் என்று கோடு போட முடியாது. ப்ரூக்ளினில் நாலு பேர் மேடையில், மீதிப் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு எதிரில். அந்த ஐம்பது பேரின் வேலையை நாலு பேரும் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் செய்ய வேண்டும். ‘அப்போ இது ஒரிஜினல் டெண்டே இல்லையே’ என்று சுத்தம் பார்க்கிறவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் கட்டி அவிழ்க்கிற ஒரு வாத்தியத்துக்கு எது ஒரிஜினல் என்று எப்படி முடிவு செய்வது? எனக்கு இருக்கிற கவலை வேறு. ஃபாத்து உலகம் சுற்றும்போது, இல்லிகதாத்தில் அடுத்த பெண்ணின் கையில் கிட்டார் போய்ச் சேருமா என்பது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பது கல்யாண வீட்டில் வாசிக்கும் குழுக்கள். அந்தக் குழுக்கள் இன்னமும் பெரும்பாலும் ஆண்கள்.

பயணமே ஒரு சூதாட்டம் என்பதையும் சேர்த்துக்கோங்க. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. எல்லைகள் மூடப்பட்டன, வான்வழியும் மூடப்பட்டது. அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணம் முடித்த எம்டூ மொக்தார் குழுவினர் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ரசிகர்களிடம் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. கிராமத்திலிருந்து தலைநகர் நியாமேவுக்கு ஒரு நெடும்பயணம், அங்கே விசா, அப்புறம் விமானம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கச்சேரி இல்லை. புது ஆல்பம் ஏன் வரலை என்று கமெண்ட்டில் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கலாம்.

கேட்க நினைக்கிறவர்களுக்கு என் சிபாரிசு, நேராக ப்ரூக்ளின் நேரடிப் பதிவிலிருந்து தொடங்குங்க. கிட்டார் பளிச்சென்று இருக்கும், காது சீக்கிரம் ஒட்டிக்கும். போன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க. தண்ணீர்க் குடுக்கையின் சத்தம் ரொம்பக் கீழ் ஸ்தாயி, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது காணாமலே போயிடும், பாட்டில் பாதி போச்சு. அப்புறம் ‘எகஸ் மலன்’. கடைசியாக, ஒரு ராத்திரி வீடு அடங்கின பிறகு, அந்த முதல் ஆல்பத்தின் டெண்டே பக்கத்தைப் போடுங்க. அதில் கிட்டார் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஆனால் கைதட்டலுக்கும் உரலுக்கும் நடுவில், இன்னும் வாசிக்காத அந்தக் கிட்டார் எங்கே வந்து உட்காரும் என்று உங்க காது தானாகவே தேட ஆரம்பிக்கும்.